டி4 நார்மல் ஆனதும் மாத்திரையை நிறுத்தலாமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் மனைவிக்கு 34 வயது. கிரேவ்ஸ் நோய்க்கு ஏழு மாதமாக கார்பிமசோல் சாப்பிடுகிறாள். படபடப்பு நின்றுவிட்டது, தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 இரண்டும் நார்மல். இந்த மாத்திரை வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா?"

இப்போது நிறுத்த வேண்டாம்.

கிரேவ்ஸ் என்பது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய். ஆனால் இதில் முதலில் தடம் மாறுவது தைராய்டு அல்ல, நம் நோய் எதிர்ப்பு அணுக்கள். அவற்றில் பி செல்கள் என்ற வகை உண்டாக்கும் ஓர் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்), தைராய்டில் அதைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு சுரப்பியை விடாமல் முடுக்குகிறது. கார்பிமசோல், ஹார்மோன் தயாரிக்கும் நொதியைத் தடுக்கிறது. சிகிச்சைக்கு முன் விரல்களை நீட்டச் சொல்லி மேலே ஒரு தாளை வைத்தால் அது வெடவெடவென ஆடும். சில வாரங்களில் அசையாமல் கிடக்கும். உங்கள் வீட்டில் நடந்திருப்பது இதுதான்.

ஆன்டிபாடி அவ்வளவு சீக்கிரம் இறங்காது, மாதக்கணக்காகும். சிகிச்சையின்போது தைராய்டுக்குள் குவிந்த டி செல்கள் (இன்னொரு வகை எதிர்ப்பு அணுக்கள்) குறைவதையும், மற்ற அணுக்களை அடக்கிவைக்கும் வகை டி செல்கள் தேறுவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இது மாத்திரையின் நேரடி வேலையா, ஹார்மோன் அடங்கியதால் அணுக்களும் அடங்கினவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் ஆன்டிபாடி படிப்படியாகக் குறைகிறது. அதனால் நான் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறேன். எதுவானாலும் அணுக்கள் அடங்க அவகாசம் வேண்டும். அதற்காகத்தான் 12 முதல் 18 மாதம் வரை மாத்திரை. நிறுத்தும் முன் இந்த ஆன்டிபாடியை அளக்கும் டிஆர்ஏபி பரிசோதனை செய்யுங்கள். அது அதிகமாக இருக்கும்போது நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

சரி, வெள்ளை அணு பயம். அது பொய்யில்லை. ஆயிரத்தில் இரண்டிலிருந்து ஐந்து பேர் வரை, கிருமியோடு போராடும் நியூட்ரோபில் அணுக்கள் திடீரென அடியோடு சரியலாம். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அபூர்வமாக அப்புறமும் வரும். நம் பக்கம் மாம்பழ சீசனில் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் "பழச்சூடு" என்று கஷாயம் வைப்பார்கள். உங்கள் மனைவிக்கு அப்படி விடாதீர்கள். அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே ரத்த அணு எண்ணிக்கை பாருங்கள். அணுக்கள் சரியாக இருந்தால் டாக்டர் சொன்னபடி மறுபடி தொடங்கலாம்.

இன்னொன்று: குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கார்பிமசோல் சிசுவைப் பாதிக்கலாம். அந்தச் சமயத்துக்கு வேறு மருந்து உண்டு.