தார்ச்சாலை கேள்வி பதில்: குழியும் மட்டமும்

தஞ்சாவூர் வாசகர்: போன மாதம் மூடிய குழி ஒரே மழையில் மறுபடி பெயர்ந்துவிட்டது. ஏன்?

பதில்: பெயர்ந்த ஜல்லி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தார் உரிந்து கல் வெறுமையாகத் தெரிந்தால், ஈரத்திலும் தூசியிலும் வேலை செய்திருக்கிறார்கள். உறுதியான பகுதி வரும்வரை குழியைச் சதுரமாக, ஓரங்கள் செங்குத்தாக நிற்கும்படி வெட்ட வேண்டும். தளர்ந்ததை அள்ளிக் கூட்டி, காயவிட்டு, அடியிலும் ஓரங்களிலும் எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலந்த தார், பூச வேண்டும். பழுப்பு நிறமான அது கறுத்த பிறகே தாரும் ஜல்லியும் சேர்ந்த கலவையைக் கொட்டலாம். ஆழம் அதிகமென்றால் அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். லாரிச் சக்கரம் இறுக்கிவிடும் என்று விட்டுப் போவது வேலையே அன்று. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் எந்தக் குழியையும் மூடாதீர்கள்.

சேலம் வாசகர்: மழைக்காலத்தில் என்ன செய்வது?

பதில்: சூடாக்காமல் போடும் குளிர்கலவையால் தற்காலிகமாக மூடுங்கள். வெயில் வந்ததும் முறையாகச் செய்யுங்கள்.

மதுரை வாசகர்: பிளாஸ்டிக் சாலை உண்மையிலேயே நல்லதா?

பதில்: நல்லது. உங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனின் முறை அது. 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். சூடான ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக் உருகிப் படலமாகப் படிகிறது, அதன்மேல் தார். கல்லில் ஈரம் ஏறுவது குறைகிறது. பி.வி.சி. மட்டும் சேரக்கூடாது. வடிகால் இல்லாத தெருவில் இதுவும் பெயரும்.

வேளச்சேரி வாசகர்: சாலை உயர்ந்து உயர்ந்து எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது.

பதில்: பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். 40 மில்லிமீட்டர் போடுவதானால் 40 மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். 2021இல் தமிழக அரசே இதை அறிவுறுத்தியது.

ஒப்பந்ததாரர் ஒருவர்: சுரண்டினால் சாலையின் பலம் போகும். மேலே போடும் அடுக்கு பலம் சேர்க்கிறதே!

பதில்: சேர்க்கிறது. வீடுகள் இல்லாத நெடுஞ்சாலையில் அப்படியே போடுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் குடியிருப்புத் தெருவில் அந்தப் பலத்துக்கான விலையை வீட்டுக்காரர் கொடுக்கிறார். மழைநீர் அவர் கூடத்துக்குள் நுழைகிறது. அடித்தளம் பலவீனமென்றால் அதைத் தோண்டிச் சீராக்குங்கள்.

அதே ஒப்பந்ததாரர்: செலவை யார் தருவது?

பதில்: மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். சுரண்டிய கலவையைச் சூடாக்கிப் புதுக் கலவையோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். ஜல்லியும் தாரும் மிச்சம். அதைக் குப்பையாகக் கொட்டுபவர்கள் செலவைப் பற்றிப் பேசக்கூடாது.

வேளச்சேரி வாசகர்: எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை மூடிகளையும் சேர்த்தே மூடிவிட்டார்கள்.

பதில்: எழுத்துமூலம் புகார் கொடுங்கள். வேலைக்கு முன் உங்கள் வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை அளந்து, படமெடுத்து வையுங்கள்.

திருச்சி வாசகர்: குழியை எப்படி மூடுவது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கடலூர் வாசகர்: குழியில் செங்கல் துண்டு போடலாமா?

பதில்: கூடாது. முதல் பதில்.

ஈரோடு வாசகர்: கான்கிரீட் சாலை விரிசல்?

பதில்: என் துறை அன்று.

நாகர்கோவில் வாசகர்: பேருந்து நிறுத்தத்தில் மட்டும் தார் இளகிக் குழைகிறது.

பதில்: சொட்டும் டீசல் தாரைக் கரைக்கிறது, நின்று கிளம்பும் சக்கரங்கள் அதைத் தள்ளுகின்றன. அந்த இடத்தை மட்டும் கான்கிரீட் தளமாக மாற்றச் சொல்லுங்கள். ஓரத்தில் தண்ணீர் வடிய வழி இருக்கட்டும்.