பாம்பனிலிருந்து சென்னைக்குக் கருவாடு அனுப்ப ஒப்பந்தம் எழுதத்தான் வேண்டுமா?

நெத்திலிக் கருவாடு காயவைத்து, பாக்கெட் போட்டு, சென்னைக் கடை ஒன்றுக்கு மாதாமாதம் அனுப்பப் போகிறீர்கள். வாட்ஸ்அப்பில் பேசியதே போதாதா என்கிறீர்கள்.

சட்டப்படி போதும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். நிரூபிக்கும்போதுதான் வம்பு. போனை மாற்றிவிட்டு, "சாட்டெல்லாம் போயிருச்சு சார்" என்று வருகிறவர்களை ராமநாதபுரம் கோர்ட்டில் வக்கீலாக நான் நிறையப் பார்க்கிறேன். இரண்டு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் மாதிரியை அப்படியே எடுக்காதீர்கள். யாரோ சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எழுதியதில் நம் கடல் இருக்காது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மாதம் 200 கிலோ என்று பொத்தாம்பொதுவாக எழுதிக் கொடுத்துவிட்டு, மே மாதம் "வரத்து இல்லை" என்றால் எடுபடாது. எதிர்பாராத காரணத்தால் நிறைவேற்றவே முடியாமல் போனால்தான் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு கைகொடுக்கும். தடைக்காலம் வருவதோ ஊருக்கே தெரியும். மீன் விலை ஏறியதும் சாக்காகாது. அந்த இரண்டு மாதத்துக்கு அளவைக் குறைத்தே எழுதுங்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றி, கடலுக்குப் போகக் கூடாது என்றால் எத்தனை நாள் தள்ளித் தரலாம் என்பதையும் சேருங்கள். லாரியில் ஏற்றியபின் ஈரம் பட்டால் நஷ்டம் யாருக்கு? இதை விட்டுவிட்டுத்தான் பலர் சண்டை போடுகிறார்கள்.

தாமதத்துக்கு ஒரு லட்சம் அபராதம் என்று கடைக்காரர் எழுதினால் பயப்பட வேண்டாம். 74-வது பிரிவின்படி கோர்ட் நியாயமான இழப்பீடுதான் தரும்; ஒரு லட்சம் அதற்கு உச்சவரம்பு, அவ்வளவே. இருந்தாலும் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

பணம்தான் முக்கியம். சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, செய்யுங்கள். நீங்களே காயவைத்துப் பக்குவம் செய்கிறவர் என்பதால் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். வெறுமனே வாங்கி விற்கும் வியாபாரிக்குப் பொதுவாக அது கிடைப்பதில்லை. எழுத்தில் தேதி இல்லாவிட்டால் கடைக்காரர் சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாளில் பணம் வர வேண்டும். எழுதினாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதம் (Bank Rate) என்ற வட்டி அளவைப்போல மூன்று மடங்கு, அதுவும் மாதாந்திரக் கூட்டுவட்டி.

பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அதற்குள் இவ்வளவு பாக்கி என்று கடைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஒவ்வொரு மார்ச்சிலும் கணக்கு முடிக்கும்போது அந்தக் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.