ஃபிரெடி அகிலார் ‘ஒரே பாட்டுக்காரர்’தானா?

‘ஒரு பாட்டால் மட்டும் பெயர் வாங்கிய பிலிப்பைன்ஸ் பாடகர் ஃபிரெடி அகிலாருக்காக பிலிப்பினோக்கள் ஏன் இப்படி உருகுகிறார்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ரூமிலோ வேலை இடத்திலோ அவர்கள் பாடிக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் கப்பலில் கேட்டேன்.

2016-ல் ஒரு சரக்குக் கப்பலில் ஃபோர்த் இன்ஜினியர். இன்ஜின் ரூமில் முக்கால்வாசிப் பேர் பிலிப்பினோக்கள். சனிக்கிழமை ராத்திரி மெஸ் ரூமில் கரோக்கி ஓடும், ஒரே கூச்சல், ஆனால் அகிலாரின் ‘அனாக்’ பாட்டு வந்தால் மட்டும் சத்தம் அடங்கிவிடும். ஃபிட்டர் ஒருவர், ஐம்பது தாண்டியவர், ‘குயா’ என்று கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம். அவரிடம் ஒருநாள் எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையரைப் பிரித்துப் போட்டிருந்தபோது அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டேன், வேலையை நிறுத்திவிட்டு விளக்கினார். அனாக் என்றால் பிள்ளை. நீ பிறந்தபோது அப்பா அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், ராத்திரியெல்லாம் அம்மா விழித்துப் பால் கலக்கினாள், நீ வளர்ந்ததும் அவர்கள் பேச்சைக் கேட்காமல் போனாய், வழிதவறிப்போய் கடைசியில் அழுகிற அம்மாவிடம்தான் வந்து நின்றாய் என்று போகும். அகிலார் எழுதியது தன் கதையை. படிப்பை விட்டு 18 வயதில் வீட்டை விட்டுப் போனவர், சூதாட்டத்தில் விழுந்தவர். இந்தப் பாட்டை எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பி மன்னிப்புக் கேட்டார். கொஞ்ச நாளில் அப்பா இறந்துவிட்டார்.

அப்போது நான் என் அப்பாவோடு பேசி ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. கடல் படிப்புக்கு நிலத்தை விற்க மாட்டேன் என்றார், நான் அம்மா நகையை அடகு வைத்துப் போனேன். சிங்கப்பூர் வந்ததும் சிம் வாங்கிக் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நான்காவது தடவைதான் பேசினார், அதுவும் கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோனதைப் பற்றி. அரை மணி நேரம் அதையே பேசினோம்.

உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறான் என்று யாராவது வரலாம். சரி, அனாக்கை விட்டுவிடுவோம். 1978-ல் மணிலா இசைப் போட்டியில் அதற்கு முதல் பரிசு கிடைக்கவில்லை, அப்புறம்தான் பல நாடுகளுக்கும் பல மொழிகளுக்கும் போனது. ஆனால் ‘பாயன் கோ’? ‘என் நாடு’ என்று அர்த்தம். அமெரிக்க ஆட்சிக் காலத்துப் பழைய பாட்டு, அவர் எழுதியது இல்லை. 1983-ல் எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அகினோவை மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொன்ற பிறகு, சர்வாதிகாரி ஜனாதிபதி மார்க்கோஸுக்கு எதிரான கூட்டங்களில் நின்று அதைப் பாடினார். 1986-ல் மார்க்கோஸ் ஓடும்வரை ஜனங்கள் தெருவில் பாடியது அதைத்தான். 2025 மே மாதம் 72 வயதில் அகிலார் இறந்துபோனபோது அழுதவர்களுக்கு இரண்டு பாட்டும் ஒன்றாகத்தான் ஞாபகம் வந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்தக் குயாவுக்கு ஒன்பது மாத காண்ட்ராக்ட். பதினோரு மாதம் ஆகியும் கம்பெனி மாற்று ஆள் அனுப்பவில்லை. மகளின் பட்டமளிப்பு விழாவை போட்டோவில்தான் பார்த்தார். கேப்டனிடம் எழுதிக் கொடுத்தோம், பதிலே வரவில்லை.