டிவியில் வீடியோவின் ஓரம் வெட்டுப்படுகிறதா? பேனலைத் தொடாதீர்கள், மெனுவைத் திறங்கள்

கேள்வி: மகளின் பிறந்தநாளைப் போனில் எடுத்து, லேப்டாப்பில் எடிட் செய்து, கீழே எல்லோருடைய பெயரும் வருகிற மாதிரி டைட்டில் போட்டேன். லேப்டாப்பில் சரியாக இருக்கிறது. டிவியில் போட்டால் நாலு பக்கமும் ஓரம் காணவில்லை. குரூப்பில் கடைசியாக நிற்கும் தம்பிக்குப் பாதித் தோள்தான் தெரிகிறது. பெயர்களின் கீழ்வரி அறுந்துபோகிறது. விலை கூடிய எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள் என்கிறார் ஒருவர். பேனல் கோளாறு என்கிறார் இன்னொருவர். எல்லா வீடியோவையும் சுற்றிலும் கறுப்பு ஓரம் விட்டு மாற்றித் தருகிறேன், இத்தனை ஆகும் என்கிறார் மூன்றாமவர். பழைய வீடியோ கேசட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்று பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் வீடியோவில் குறையில்லை, கேபிளிலும் இல்லை, பேனலிலும் இல்லை. டிவி தனக்கு வரும் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, நாலு ஓரத்தையும் திரைக்கு வெளியே தள்ளிவிட்டு மீதியைக் காட்டுகிறது. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். கம்பெனியே போட்டு அனுப்பும் செட்டிங் இது. ரிமோட்டிலேயே அணைத்துவிடலாம்.

ஆனால் முதலில் அதுதானா என்று பார்த்துவிடுங்கள். வீடியோவில் ஓரம் வரை ஆட்கள் நிற்கும் ஒரு இடத்தில் நிறுத்தி, அதே இடத்தை லேப்டாப்பிலும் டிவியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைந்தால் ஓவர்ஸ்கேன். மேலும் கீழும் மட்டும் நிறையக் குறைந்து, பக்கவாட்டில் ஒன்றும் போகவில்லை என்றால் யாரோ ரிமோட்டில் ஜூம் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். பழைய சதுர வாட்டப் படத்தை அகலத் திரையில் நிரப்பிக் காட்ட அந்த ஜூம் படத்தின் உயரத்தில் கால்வாசியைத் தின்றுவிடும். அதைப் பழையபடி 16:9 என்ற அகலத் திரை வாட்டத்துக்கு மாற்றினால் முடிந்தது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வெட்டுப்பட்டிருந்தால் டிவியைக் குறை சொல்ல முடியாது, எடிட்டிங்கிலேயே போய்விட்டது. உங்களுக்கு லேப்டாப்பில் முழுசாகத் தெரிகிறது, டிவியில் நாலு பக்கமும் போகிறது. ஆகவே ஓவர்ஸ்கேன்தான்.

இன்னும் சந்தேகம் இருந்தால் லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து, வீடியோ எதுவும் போடாமல் முகப்புத் திரையை மட்டும் பாருங்கள். கீழே கடிகாரம் இருக்கும் பட்டை பாதி மறைந்திருந்தால் அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

டிவி ஏன் இப்படிச் செய்கிறது என்றால், பிக்சர் ட்யூப் காலத்துப் பழக்கம். அந்த ட்யூபில் படத்தின் அளவு ஒரே நிலையில் நிற்காது. மின்சாரம் ஏறி இறங்கினால் படம் சுருங்கும், விரியும். செட்டுக்கு வயசானால் ஓரம் வளையும். திரையோரத்தில் கறுப்பு இடைவெளி தெரிந்தால் வாங்கியவர் புகார் சொல்வார் என்று, படத்தைத் திரையைவிடப் பெரிதாகவே வரைந்தார்கள். டிவி நிலையக்காரர்களும் அதைக் கணக்கில் வைத்து, முக்கியமான அசைவுகளைப் படத்தின் நடு 90 சதவீதத்துக்குள்ளும் எழுத்தை 80 சதவீதத்துக்குள்ளும் வைத்தார்கள். அன்றைக்கு அது நியாயம். இன்று உங்கள் சுவரில் தொங்குவது தட்டை பேனல். 1920 புள்ளி அகலம், 1080 வரி உயரம் என்பது போல எண்ணி வைத்த புள்ளிகள். மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு புள்ளி நகராது. ட்யூப் போய்ச் சேர்ந்து இத்தனை காலம் ஆகியும் பல கம்பெனிகள் இந்தச் செட்டிங்கை அணைத்துவைத்து விற்க மனம் வராமல் இருக்கின்றன. பெட்டியின்மேல் துல்லியம் துல்லியம் என்று அச்சடித்துவிட்டு உள்ளே படத்தை அறுக்கிறார்கள்.

அறுப்பதோடு போவதுமில்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டரை சதவீதம் போகிறது என்று வையுங்கள். இடது வலது இரண்டிலும் 48 புள்ளி, மேலும் கீழும் 27 வரி காலி. மிச்சம் 1824-க்கு 1026. அதை இழுத்து மறுபடி 1920-க்கு 1080 ஆக்குகிறது டிவி. இல்லாத புள்ளிகளை அது ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும், அதனால் எழுத்தின் விளிம்பும் முடி இழையும் மெலிதாக மங்கும். ஓவர்ஸ்கேனை அணைத்ததும் ஓரம் திரும்புவதோடு படமும் கூராகத் தெரிவது இதனால்தான்.

சரி, எங்கே அணைப்பது? இங்கேதான் எனக்குக் கோபம் வரும். ஒரே வேலைக்கு ஆளுக்கொரு பெயர். சாம்சங் டிவியில் பிக்சர் சைஸ் பகுதிக்குள் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஃபிட் டு ஸ்கிரீன். எல்ஜியில் ஆஸ்பெக்ட் ரேஷியோவுக்குள் ஜஸ்ட் ஸ்கேன். சோனியில் டிஸ்ப்ளே ஏரியா என்பதற்குள் ஃபுல் பிக்சல். ஷார்ப்பில் டாட் பை டாட், பிலிப்ஸில் அன்ஸ்கேல்டு. பானசோனிக் மட்டும் கொஞ்சம் நாணயமாக ஓவர்ஸ்கேன் என்றே பெயர் போட்டு ஆன், ஆஃப் கொடுத்தது. மாடலுக்கு மாடல் இடமும் பெயரும் மாறும். உங்கள் டிவியில் படத்தின் அளவு அல்லது வாட்டம் பற்றிப் பேசும் பக்கத்தைத் தேடுங்கள். அங்கே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எதைப் போட்டும் எதுவும் கெட்டுப்போகாது. தம்பியின் தோள் முழுசாகத் தெரியும்போது நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெரும்பாலான டிவிகள் இந்தச் செட்டிங்கை ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். முதல் எச்டிஎம்ஐயில் சரிசெய்தால் இரண்டாவதில் பழையபடியே இருக்கும், பென் டிரைவுக்கும் அது ஒட்டாது. ஆகவே வீடியோவை எதில் போட்டுப் பார்ப்பீர்களோ அதில் ஓடவிட்டுக்கொண்டே மெனுவைத் திறந்து மாற்றுங்கள். சரிசெய்தேன், மறுநாள் பழையபடி ஆகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலர் வேறு சாக்கெட்டில் கேபிளைச் செருகியவர்கள்.

அந்த ஆப்ஷன் மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் உள்ளே வரும் சிக்னலைச் சந்தேகப்படுங்கள். 720 வரிக்குக் குறைந்த சிக்னலுக்குப் பல டிவிகள் இந்த வசதியையே கொடுப்பதில்லை. பிளேயரின் செட்டிங்கில் வெளியீட்டை 1080-க்கு மாற்றினால் ஆப்ஷன் உயிர் பெறும். லேப்டாப் இணைத்த எச்டிஎம்ஐக்குப் பெயர் மாற்றும் வசதி இருந்தால் பிசி என்று வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் என்று தெரிந்தால் பல மாடல்கள் ஓரத்தை வெட்டுவதைத் தாமாகவே விட்டுவிடும்.

லேப்டாப்பின் கிராபிக்ஸ் செட்டிங்கிலும் டிவியில் செருகும் ஸ்டிக்கிலும் படத்தைச் சுருக்கும் வசதி இருக்கும். அதற்கு உடனே போகாதீர்கள். அங்கே சுருக்கி, இங்கே டிவி பெரிதாக்கி, படம் இரண்டு தடவை நசுங்கி வரும். ஓரம் தெரியும், கூர்மை போய்விடும். டிவியை முதலில் சரிசெய்துவிட்டு லேப்டாப்பில் சுருக்கத்தைப் பூஜ்யத்தில் வையுங்கள். டிவியில் வழியே இல்லை என்று உறுதியான பிறகு மட்டும் இதைத் தொடலாம்.

இப்போது உங்களுக்கு ஆலோசனை சொன்ன அந்த மூவருக்கு வருவோம். எச்டிஎம்ஐ கேபிள் பழுதானால் படத்தில் பொட்டுப் பொட்டாக மின்னும், விட்டுவிட்டு வரும், இல்லையென்றால் வரவே வராது. அளவெடுத்த மாதிரி நாலு ஓரத்தையும் வெட்டுகிற கேபிள் உலகத்தில் கிடையாது. பேனல் பழுதானால் கோடு விழும், திட்டு விழும், ஒரு பக்கம் இருளும். படம் இடம் பெயர்ந்து சட்டத்துக்குள் ஒளியாது. அதற்காகப் பேனல் மாற்றச் சொல்கிறவருக்கு ஒன்று தொழில் தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும். இரண்டாவது வகை ஆசாமிதான் ஆபத்து. டிவியைக் கழற்றி எடுத்துப்போய், கடையில் வைத்து அந்த ஒரே ஒரு மெனுவை மாற்றி, பேனல் மாற்றியதாகப் பில் நீட்டுவார். படம் நிஜமாகவே சரியாகிவிட்டிருக்கும், உங்களால் மறுத்துப் பேசவும் முடியாது.

ரிமோட்டில் ரகசிய எண் அழுத்திச் சர்வீஸ் மெனுவுக்குள் போகச் சொல்லும் அறிவுரைகளும் சுற்றுகின்றன. வேண்டாம். அங்கே பேனலின் அடிப்படைக் கணக்குகள் இருக்கின்றன. தவறாக ஒன்றை மாற்றினால் டிவி திரும்ப உயிர் பெறாமலே போகலாம்.

மூன்றாமவர், அந்தக் கறுப்பு ஓரக்காரர், சொல்வது முழுப் பொய் இல்லை. 1920-க்கு 1080 படத்தை 95 சதவீதமாகச் சுருக்கி நடுவில் வைத்தால் உங்கள் இன்றைய டிவியில் முழுசாகத் தெரியத்தான் செய்யும். ஆனால் அடுத்த டிவியில், போனில், லேப்டாப்பில் எல்லாம் அந்தக் கறுப்புச் சட்டம் கூடவே வரும், புள்ளிகளும் குறைந்திருக்கும். ஒரு டிவியின் குணத்துக்காகக் குடும்ப வீடியோக்களை எல்லாம் நிரந்தரமாகச் சுருக்கலாமா? எந்தச் செட்டிங்கும் இல்லாத பழைய டிவி வைத்திருக்கும் உறவினருக்குக் கொடுக்க வேண்டுமானால் ஒரு நகல் மட்டும் அப்படிச் செய்துகொள்ளுங்கள். எடிட்டிங் சாஃப்ட்வேரில் அளவு 95 என்று போட்டால் ஆயிற்று, அதற்கு ஆள் தேவையில்லை. மூலத்தைத் தொடாதீர்கள்.

டைட்டிலுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு டிவியைச் சரிசெய்துவிடலாம், மற்றவர் வீட்டு டிவியை நீங்கள் போய்ச் சரிசெய்ய முடியாது. பெயர்களை ஓரத்தில் ஒட்டவைக்காமல் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 5 சதவீதம் உள்ளே தள்ளிப் போடுங்கள். 1080 வரியில் அது 54 வரி. அகலத் திரைக்கு டிவிக்காரர்கள் இன்று வைத்திருக்கும் கணக்கும் அதுதான், எழுத்து நடு 90 சதவீதத்துக்குள். எடிட்டிங் சாஃப்ட்வேரில் சேஃப் ஏரியா என்று ஒரு கோட்டுச் சட்டம் இருக்கும், அதைத் திரையில் வரவைத்துக்கொண்டால் கணக்கே போட வேண்டாம்.

கடைசியாகக் கேசட்டுகள். இதுவரை சொன்னதற்கு விதிவிலக்கு இங்கே இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். விஎச்எஸ் டெக்கில், அதாவது பழைய வீடியோ கேசட் பிளேயரில், சுழலும் உருளையில் இரண்டு ஹெட்டுகள் மாறி மாறிப் படத்தை வாசிக்கின்றன. ஒன்று விட்டு இன்னொன்று பிடிக்கும் இடத்தில் சிக்னல் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் படத்தின் அடியில் சில வரிகளுக்கு நெளிந்து துடிக்கிற பட்டையாகத் தெரியும். ட்யூப் டிவி அதை ஓரத்தோடு சேர்த்து மறைத்துவிட்டதால் அந்தக் காலத்தில் யாரும் பார்த்ததில்லை. கேசட்டை டிஜிட்டலாக மாற்றி, ஓவர்ஸ்கேனையும் அணைத்துவிட்டுப் பார்த்தால் அது பளிச்சென்று தெரியும். இடது வலதில் மெல்லிய கறுப்புக் கோடும் தெரியும். 720 புள்ளி அகலத்தில் மாற்றும்போது உண்மையான படம் சுமார் 704 புள்ளிக்குத்தான் இருக்கும், இரண்டு பக்கமும் 8 புள்ளி போலக் காலி. இதெல்லாம் கேசட் கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. ஒழுங்காக, முழுசாக மாற்றியிருக்கிறார்கள் என்பதற்குத்தான் அடையாளம்.

ஆனால் வாடிக்கையாளர் இதைப் பார்த்து முகம் சுளிப்பார் என்று பல மாற்றுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? சுற்றிலும் தாராளமாக வெட்டிவிட்டு, சதுர வாட்டப் படத்தை அகலத் திரைக்கு இழுத்து, எச்டி ஆக்கிவிட்டேன் என்று கூடுதல் காசும் வாங்குகிறார்கள். முகமெல்லாம் பூசணிக்காய் ஆகிவிடும். வெட்டியது திரும்பி வராது. நீங்கள் முன்கூட்டியே கேட்க வேண்டியது: 4:3 என்ற பழைய சதுர வாட்டம் மாறக் கூடாது, ஓரம் எதுவும் வெட்டக் கூடாது, இழுக்கக் கூடாது. அடியில் துடிக்கும் பட்டை கண்ணை உறுத்தினால் அந்தச் சில வரிகளின்மேல் கறுப்புப் பூசச் சொல்லுங்கள், அதுவும் பார்ப்பதற்கான நகலில் மட்டும். இல்லை, கேசட் வீடியோ பார்க்கும்போது மட்டும் டிவியில் ஓவர்ஸ்கேனைப் போட்டுக்கொள்ளுங்கள். அது பிறந்ததே ஓரத்துக் குறைகளை மறைக்கத்தான், இதற்காவது உபயோகப்படட்டும்.

ஒரு கேசட்டை மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள். திரும்பி வந்த வீடியோவில் இடது வலதில் அந்தக் கறுப்புக் கோடு இருக்கிறதா, அடியில் நெளிவு இருக்கிறதா என்று லேப்டாப்பில் பாருங்கள். இரண்டும் இருந்தால் மிச்சத்தையும் அவரிடமே கொடுக்கலாம். மாற்றி முடிந்ததும் கேசட்டுகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இனி இது எதற்கு, நானே தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்று சொல்கிறவரிடம் முதல் கேசட்டையே கொடுக்காதீர்கள்.