பட்டையைக் குறை சொல்லும் முன் புஷ்ஷைப் பாருங்கள்

பழைய ஜீப் வகை வண்டிகளின் சஸ்பென்ஷன் வேலையை வீட்டிலேயே செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள். பெரும்பாலானவை பட்டை ஸ்பிரிங், அதாவது எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங், உள்ள வண்டிகளைப் பற்றியவை. புஷ் என்பது அந்தப் பட்டையின் முனையில் போல்ட்டைச் சுற்றி உட்காரும் ரப்பர் உருளை. காயில் (சுருள்) ஸ்பிரிங் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இடையிடையே விஷயம் உண்டு.

கேள்வி: என் ஜீப் முன்பக்கம் இடது புறமாகச் சாய்ந்து நிற்கிறது. மேடு பள்ளத்தில் ‘டொக் டொக்’ என்று சத்தம் வேறு. நான்கு ஸ்பிரிங் கட்டுகளையும் மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா?

அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரிசெய்து, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி விடுங்கள். பிறகு ஆக்ஸில் குழாயின் மேல்பக்கத்துக்கும் சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மட்கார்டு விளிம்பை வைத்து அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள ரப்பர் அமுங்கியிருந்தாலும் ஸ்பிரிங் தொய்ந்ததுபோலவே அளவு காட்டும்.

முன் இடது தாழ்ந்திருக்கிறது என்பதற்காக அந்த ஸ்பிரிங்தான் குற்றவாளி என்று முடிவு கட்ட முடியாது. பின் இடது தொய்ந்தாலும் வண்டி மொத்தமும் அந்தப் பக்கம் சாயும். சேஸிஸின் பின்பக்கக் குறுக்குச் சட்டத்துக்கு நட்டநடுவில் ஜாக்கி கொடுத்து, பின் ஸ்பிரிங்குகளில் எடை இல்லாதபடி தூக்குங்கள். வண்டிக்கு அடியில் போகாமல் முன்பக்கத்தை மட்டும் மறுபடி அளங்கள். சாய்வு மறைந்துவிட்டால் கோளாறு பின்பக்கம்.

சத்தத்துக்கும் சாய்வுக்கும் சம்பந்தம் இல்லாமலே இருக்கலாம். ஷேக்கிளுக்கும் (பட்டை முனையைச் சேஸிஸோடு இணைக்கும் அசையும் தகடு) பட்டை முனையில் சுருட்டியிருக்கும் கண்ணுக்கும் நடுவே சின்னக் கடப்பாரையை விட்டு நெம்பிப் பாருங்கள். புஷ்ஷின் உள்குழாய் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தாலோ, ரப்பர் பிளந்து துணுக்குகளாக வெளியே பிதுங்கியிருந்தாலோ, சத்தம் அங்கிருந்துதான். பட்டைகளைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும்.

பட்டை உடைந்திருக்கிறதா என்று பார்க்க டார்ச் அடித்து, ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டை ஒட்டிய இடத்தைக் கவனியுங்கள். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளை பட்டையின் பலவீனமான இடம். அங்கே விழும் விரிசல் யூ போல்ட் தட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பக்கவாட்டில் மயிரிழை அளவுக்குத் துருக்கோடு தெரிந்தால் சந்தேகப்படலாம். மாற்றுவதென்றால் ஒரே ஆக்ஸிலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள். நான்கையும் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. சில பழைய மாடல்களில் டிரைவர் பக்கத்து ஸ்பிரிங்குக்குத் தனி பார்ட் நம்பர் உண்டு. இடம் மாற்றிப் போட்டுவிட்டால் புது ஸ்பிரிங்கிலேயே வண்டி சாயும்.

கேள்வி: உடைந்த பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டலாமா?

கூடாது. பட்டை என்பது சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். ஒட்டு நின்றாலும் ஒட்டுக்குப் பக்கத்தில் மறுபடி ஒடியும். மெயின் பட்டை ஒடிந்தால் ஆக்ஸிலே நகர்ந்துவிடும். ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்காது.

கேள்வி: வேலை செய்யும்போது கைபிரேக் போட்டிருந்தேன், கியரும் போட்டிருந்தேன். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும் வண்டி நகர்ந்தது. எப்படி?

பழைய ஜீப் வகை வண்டிகள் பலவற்றில் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால், ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கும், அதைத்தான் பிடிக்கும். ஷாஃப்ட் நின்றாலும், இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறாகச் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் எதிர்த்திசையில் உருளும். கியர் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் அந்தக் கைபிரேக் இருந்தும் இல்லாத கணக்கு.

ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கெட்டியான தரையாக இருக்கட்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான்; தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஸ்பிரிங் வேலைக்கு ஸ்டாண்டு இரண்டையும் சேஸிஸுக்கு அடியில் வைத்து, ஆக்ஸிலுக்குத் தனியாக ஒரு ஜாக்கி கொடுங்கள். அப்போதுதான் துளைகள் நேராக வரும்படி ஆக்ஸிலை ஏற்றி இறக்க முடியும். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

ஆக்ஸிலை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பாருங்கள். ஆக்ஸிலின் எடை ஒரு தடவை ஹோஸில் தொங்கிவிட்டால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதை மாற்றிவிடுவதே நல்லது. ஆக்ஸிலின் காற்றுக்குழாயையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ஷேக்கிள் போல்ட்டில் நட்டு கழன்றுவிட்டது. ஆனால் போல்ட் சுற்றுகிறதே தவிர வெளியே வரவில்லை. சுத்தியலால் அடித்து மரை மழுங்கியதுதான் மிச்சம்.

புஷ்ஷின் உள்குழாயும் போல்ட்டும் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டன. நீங்கள் போல்ட்டைச் சுற்றும்போது குழாயும் சேர்ந்து சுற்றுகிறது. ரப்பர் மட்டும் முறுக்கிக்கொள்கிறது. அடிக்கிற அடியையெல்லாம் ரப்பர் வாங்கிக்கொள்வதால் எவ்வளவு அடித்தாலும் பலன் இருக்காது.

துரு இளக்கும் எண்ணெயை வேலைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் விடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வெட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஷேக்கிள் தகட்டுக்கும் பட்டைக் கண்ணுக்கும் நடுவே உள்ள சந்தில் ஆக்ஸா பிளேடையோ மெல்லிய கட்டிங் டிஸ்க்கையோ விட்டு, போல்ட்டை இருபுறமும் அறுத்து எடுங்கள். போல்ட்டும் புஷ்ஷும் எப்படியும் குப்பைக்குப் போகிறவை. சேஸிஸ் பக்கத்துத் தகட்டில் மட்டும் கீறல் விழக் கூடாது. பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் பக்கத்தில் கேஸ் தீயோ கிரைண்டர் பொறியோ வேண்டவே வேண்டாம். ரப்பரைக் கொளுத்தி எடுக்கும் வழக்கமும் உண்டு. அந்தப் புகை நச்சு. அதிகச் சூட்டில் பட்டைக் கண்ணின் பதமும் கெடும்.

அடுத்த தொல்லை, கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிக்குழாய். ரப்பரைத் துளையிட்டோ அறுத்தோ எடுத்த பிறகு ஆக்ஸா பிளேடைச் சட்டத்திலிருந்து கழற்றி, கண்ணுக்குள் நுழைத்து, மறுபடி மாட்டுங்கள். உள்ளிருந்து வெளிநோக்கி அந்தக் குழாயை மட்டும் நீளவாக்கில் அறுங்கள். குழாய் அறுபட்டதும் பிளேடு ஓடும் சத்தம் மாறும். அங்கேயே நிறுத்துங்கள், கண்ணில் வெட்டு விழுந்தால் பிற்பாடு அந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கும். பிறகு உளியால் ஓரத்தை உள்ளே மடக்கினால் குழாய் சுருண்டு வந்துவிடும்.

புது புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். 12 அல்லது 14 மில்லிமீட்டர் மரை ராடு ஒன்று, கனமான வாஷர்கள், இரண்டு சாக்கெட்டுகள் போதும். ஒரு சாக்கெட் வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் உட்காரும் அளவில் இருக்க வேண்டும். மற்றது எதிர்ப்பக்கம் கண்ணின் விளிம்பில் உட்காரும் அளவுக்குப் பெரியதாக. நட்டை இறுக்க இறுக்க புஷ் உள்ளே போகும். மரைக்குக் கிரீஸ் தடவுங்கள். முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நேராக நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டால் மீதி தானாக நேராகப் போகும். வெளிக்குழாய் இல்லாத ரப்பர் புஷ் என்றால் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். எஞ்சின் ஆயிலும் சாதாரணக் கிரீஸும் இயற்கை ரப்பரை உப்ப வைக்கும்.

புது போல்ட்டின் வழுவழுப்பான தண்டில் துருப்பிடிக்காமல் தடுக்கும் பசையைத் தடவிப் போடுங்கள். மரையில் தடவ வேண்டாம். மரை வழுக்கினால் அதே டார்க்குக்கு (நட்டைத் திருப்பும் விசையின் அளவு) இறுக்கம் கூடிவிடும்.

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் மாட்டிய புது ரப்பர் புஷ்கள் கிழிந்துவிட்டன. டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்கினேன். போலிச் சரக்கா?

வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே இறுக்கினீர்களா? அப்படியானால் சரக்கைக் குறை சொல்ல முடியாது.

ரப்பர் புஷ்ஷில் எதுவும் வழுக்கிச் சுற்றுவதில்லை. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் ஷேக்கிளோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். வெளிக்குழாய் பட்டைக் கண்ணோடு ஒட்டியிருக்கும். ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது இரண்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பி வரும். ஆக்ஸில் கீழே தொங்கும்போது இறுக்கினால் அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கேறியபடியே நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளத்திலும் கூடுதல் முறுக்கு. கிழியாமல் என்ன செய்யும்? வண்டி கொஞ்சம் உயரமாக நிற்பதும் இதனால்தான். அதைப் புது ஸ்பிரிங்கின் பெருமை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

சரியான முறை இது. போல்ட்டுகளை மாட்டி, நட்டுகளைக் கையிறுக்கத்துக்குச் சற்று மேல் மட்டும் விடுங்கள். சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள். பம்பரை நான்கைந்து தடவை அமுக்கி விடுங்கள். வண்டி தன் உயரத்தில் உட்கார்ந்த பிறகு கையேட்டில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். காயில் ஸ்பிரிங் வண்டியின் ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸிலை முன்பின் நகராமல் பிடிக்கும் கை), பேன்ஹார்டு ராடு (பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) ஆகியவற்றின் புஷ்களுக்கும் இதுவே விதி.

கேள்வி: ரப்பரா, பாலியூரித்தேனா?

தினமும் ஓட்டும் வண்டிக்கு ரப்பர். சேறும் எண்ணெயும் படும் வண்டிக்கு பாலியூரித்தேன் நீடித்து உழைக்கும், மாட்டுவதும் சுலபம். ஆனால் அதிர்வு கூடும். கூட வரும் சிலிக்கோன் கிரீஸைத் தடவாவிட்டால் கிரீச்சிடும். ரேடியஸ் ஆர்ம் உள்ள வண்டியில் அங்கே மட்டும் ரப்பரையே வையுங்கள். ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது அந்த ஆர்ம் முறுகியாக வேண்டும். கடினமான புஷ் போட்டால் அந்தச் சுமை ஆர்ம் பிராக்கெட்டுகளுக்குப் போகும்.

கேள்வி: 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் பயங்கரமாக ஆடுகிறது. ஸ்டீயரிங் டேம்பர் மாற்றினேன். இரண்டு மாதம் நன்றாக இருந்தது, மறுபடி ஆட்டம்.

டேம்பர் என்பது ஸ்டீயரிங் ஆட்டத்தை அமுக்கும் சின்ன ஷாக் அப்சர்பர். அது நோயை மறைக்கும், தீர்க்காது. முதலில் டயர் பேலன்ஸ், காற்று. அடுத்து, வண்டி தரையில் நிற்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கால் சுற்று அளவுக்கு இடமும் வலமும் விடாமல் ஆட்டட்டும். நீங்கள் வெளியிலிருந்து ஒவ்வொரு ஜாயின்ட்டின் மேலும் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு உறுப்புகள் சேரும் இடத்தில் ஒன்று அசைந்து மற்றது தாமதமாக அசைந்தால் தேய்மானம் அங்கேதான். இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகள், ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரம் பக்கம் போகும் டிராக் லிங்க், ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகள், காயில் வண்டியானால் பேன்ஹார்டு ராடின் இரு முனை என்று வரிசையாகப் போங்கள். பேன்ஹார்டு போல்ட் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் புது புஷ் போட்டும் ஆட்டம் நிற்காது.

பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் லூஸ். பிரேக் மிதித்தும் ஆடினால் கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) அல்லது அதன் பேரிங். கிங் பின்னில் ஷிம் எனும் மெல்லிய தகடுகளைக் குறைத்து இறுக்கம் ஏற்ற வேண்டுமானால், டை ராடைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் தராசால் இழுத்து, கையேட்டில் சொன்ன எடையில் திரும்புகிறதா என்று பாருங்கள். கைக்கணக்கு இங்கே சரிவராது.

ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு இருந்ததா என்றும் யோசியுங்கள். கழற்றும் முன் அதன் தடித்த பக்கம் எங்கே இருந்தது என்று பெயின்ட்டால் குறித்துக்கொள்ள வேண்டும். திருப்பி வைத்தால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கெட்டு, வண்டி நேர்கோட்டில் நிற்காது.

கேள்வி: உயரத்துக்காக நீளமான ஷேக்கிள் போடலாமா?

2 அங்குலம் நீளம் கூட்டினால் வண்டி ஏறக்குறைய 1 அங்குலம்தான் உயரும். முன் ஸ்பிரிங்கில் ஷேக்கிள் முன்முனையில் உள்ள வண்டியானால் காஸ்டரும் குறையும், ஸ்டீயரிங் அலையும். உயரம் வேண்டுமென்றால் வளைவு கூடிய ஸ்பிரிங் கட்டுதான் சரி.

கேள்வி: புது ஷாக் அப்சர்பர் மாட்டும்போது மேல் நட்டோடு ராடும் சேர்ந்து சுற்றுகிறது. பிளையரால் பிடிக்கலாமா?

பளபளப்பான ராடில் பிளையர் பட்டால் அந்தக் கீறல் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சீலை அறுக்கும். சில வாரத்தில் எண்ணெய் கசியும். ராடின் நுனியில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையாகச் செதுக்கிய இடமோ ஆலன் துளையோ இருக்கும், அதைப் பிடியுங்கள். நட்டை இறுக்கும்போது, ரப்பரானது வாஷரின் விளிம்பு அளவுக்கு விரிந்ததும் நிறுத்துங்கள். கேஸ் இல்லாத எண்ணெய் வகை என்றால் மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு தடவை முழுக்க இழுத்து அமுக்குங்கள், உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்.

கேள்வி: பழைய யூ போல்ட்டையே போடலாமா? எப்போது மறுபடி இறுக்க வேண்டும்?

புதிதாகப் போடுங்கள். ஒருமுறை முழு இறுக்கத்தில் நீண்ட யூ போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது. சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையில் உள்ள குழியில் சரியாக உட்கார்ந்ததை விரலால் தடவி உறுதி செய்த பிறகே இறுக்கத் தொடங்குங்கள். தலை குழிக்கு வெளியே நின்றால் ஆக்ஸில் ஒரு பக்கம் முன்னே போய், வண்டி நண்டு மாதிரி சாய்வாக ஓடும். நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக, மூன்று சுற்றில், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தட்டின் இருபுறமும் வெளியே தெரியும் மரையின் நீளம் சமமாக இருக்கட்டும்.

100 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டையும் சக்கர நட்டையும் டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காருவதால் யூ போல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும். 500 கிலோமீட்டரில் இன்னொரு தடவை. டோ அலைன்மென்ட்டும் (முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பதைச் சரிசெய்வது) ஹெட்லைட் கோணமும் அதற்குப் பிறகுதான். ஸ்பிரிங் படிந்து முடியும் முன் பார்த்தால் இரண்டு தடவை செய்ய வேண்டி வரும். பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு சின்னக் கம்பி போய் பிரேக் வால்வில் சேர்கிற வண்டியானால் அதையும் கையேட்டின்படி சரிசெய்யுங்கள். வண்டியின் உயரம் மாறினால் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தமும் மாறிவிடும்.