ஆளுநர் போட்டால் மட்டும் போதுமா? டெக்சாஸ் லாட்டரி: கேள்வி-பதில்

கே: டெக்சாஸ் லாட்டரி ஆணையர்களை ஆளுநர்தானே நியமித்தார்? அப்புறம் செனட்டுக்கு என்ன வேலை?

ப: நியமிப்பவர் ஆளுநர், உறுதி செய்வது மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட். (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் வருபவர், நம் ராஜ்பவன் ஆளுநரை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) அவைக்கு வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மொத்தம் 31 செனட்டர்கள். எல்லோரும் வந்தால் 21 ஓட்டு. கீழவைக்கு இதில் பங்கே கிடையாது.

கே: உறுதியாகும் வரை அவர் வீட்டில் காத்திருக்க வேண்டுமா?

ப: வேண்டாம். வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான், அதுவும் அதிகபட்சம் 140 நாள். இடையில் நியமனமானவர் பதவியேற்று வேலையைத் தொடங்கிவிடலாம்.

கே: செனட் எதுவுமே சொல்லாவிட்டால்? மௌனம் சம்மதம்தானே?

ப: இங்கே நேர் எதிர். அப்படி இடையில் வந்தவரைப் பற்றி வழக்கமான தொடர் முடிவதற்குள் செனட் முடிவெடுக்காவிட்டால், நிராகரித்ததாகவே அரசியல் சட்டம் எடுத்துக்கொள்ளும். லாட்டரிக்காரர் இல்லை என்றாலும் நல்ல உதாரணம், மாநிலச் செயலராக இருந்த டேவிட் விட்லி. வாக்காளர் பட்டியல் சர்ச்சையில் ஜனநாயகக் கட்சியின் 12 செனட்டர்களும் எதிர்த்து நின்றார்கள். மீதி 19 பேரை வைத்து 21-ஐ எட்ட முடியுமா? ஓட்டெடுப்பே நடக்கவில்லை, 2019 தொடரின் கடைசி நாளில் ராஜினாமா செய்தார்.

கே: தகுதி ஏதாவது?

ப: ஐந்து ஆணையர்களில் ஒருவருக்கு பிங்கோ (நம் ஊர் தம்போலா மாதிரி எண் விளையாட்டு) தொழிலில் அனுபவம் இருக்க வேண்டும் என்றது சட்டம். பிங்கோவும் அதே ஆணையத்தின் பொறுப்பு.

கே: இவ்வளவு சலித்தும் 2023-இல் ஒரே குழு டிக்கெட்டுகளை அள்ளிப் பரிசடித்த கூத்து எப்படி நடந்தது?

ப: அந்தக் குலுக்கலில் 54 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க சுமார் 2.58 கோடி வழிகள். டிக்கெட் 1 டாலர். பரிசு 9.5 கோடி டாலராக ஏறியதும் ஒரு குழு ஏறக்குறைய எல்லாச் சேர்க்கைகளையும் வாங்கிவிட்டது. மூன்று நாளில் அத்தனை டிக்கெட் என்றால் விநாடிக்குச் சுமார் நூறு டிக்கெட் அச்சாக வேண்டும்! பரிசைத் தவணையாக இல்லாமல் ஒரே தொகையாக எடுத்ததால் கையில் வாங்கியது 5.78 கோடி டாலர். செனட் சலித்தது ஆணையர்களை. அன்றாட நிர்வாகமோ ஆணையம் வேலைக்கு வைத்த செயல் இயக்குநரிடம் இருந்தது. அவர் செனட் முன் வரவே வேண்டியதில்லை. ஓட்டை அங்கேதான் என்பேன்.

கே: இப்போதும் அந்த ஆணையம் உண்டா?

ப: கலைத்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் லாட்டரி, எலெக்ட்ரீஷியனுக்கும் முடிதிருத்துபவருக்கும் உரிமம் தரும் துறையின் கையில். அதற்கு மேலே ஏழு பேர் ஆணையம். அவர்களும் அதே செனட் வாசல் வழியாக வந்தவர்கள்தான்.