கல்யாணக் காதல் நாவல்: ஒருவருக்குக் கற்கண்டு, இன்னொருவருக்கு இழுவை – ஏன்?

கல்யாணத்தை மையமாக வைத்து எழுதப்படும் கலகலப்பான காதல் நாவல்களைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் பத்துப் பேர் ஒரே நாவலைப் படித்தோம். நாயகி கல்யாண ஏற்பாடுகளைத் தொழிலாகச் செய்பவள், நாயகன் மணமகளின் அண்ணன். ஐந்து பேர் "ஒரே மூச்சில் முடித்தேன்" என்கிறார்கள். மீதி ஐந்து பேர் "நேரம்தான் வீண்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு தரப்பும் சரியாகவே சொல்லியிருக்கலாம். இந்த வகை நாவலில் மூன்று கதைகள் ஒன்றாக ஓடும்: இருவரின் காதல், கல்யாணத்தை நடத்தி முடிக்கும் அமளி, குடும்பத்துக்குள் கிடக்கும் பழைய மனத்தாங்கல். அட்டையும் பின்னட்டைக் குறிப்பும் எதைச் சொல்லி அழைத்தனவோ அதைத் தேடித்தான் வாசகர் உள்ளே வருகிறார். காதலுக்காக வந்தவருக்குக் கல்யாண அமளி தடங்கலாகத் தெரியும். அமளியை ரசிக்க வந்தவருக்குக் காதல் பேச்சு நீளமாகத் தெரியும்.

அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள். 30 அத்தியாயம் உள்ள நாவலில் நாயகனும் நாயகியும் நேருக்கு நேர் வருவது எத்தனையில்? 18, 20 என்றால் அது காதல் நாவல்தான். 10க்குக் கீழே போனால் குடும்ப நாவல், காதல் அதில் ஒரு கிளை. இதற்கு எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது, ஆனால் கருத்து எங்கே பிரிகிறது என்று பிடிக்க இந்தக் கணக்கு நன்றாக உதவும். அடுத்த கூட்டத்தில் "பிடித்ததா, இல்லையா" என்று கேட்காமல், "எந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனீர்கள்?" என்று கேளுங்கள். பத்துப் பேரும் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்வார்கள்.

கேள்வி: இருவரும் சேரப் போகிறார்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு எதற்கு 300 பக்கம் படிக்க வேண்டும்?

சுப முடிவு என்பது இந்த வகையில் வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. அதை மீறினால்தான் புகார் வரும். "சேருவார்களா" என்பதில் இங்கே பதற்றம் இல்லை, "இவ்வளவு பெரிய தடையை எப்படித் தாண்டப் போகிறார்கள்" என்பதில்தான் இருக்கிறது.

பமேலா ரீஜிஸ் என்ற ஆய்வாளர் 2003ல் வெளியிட்ட நூலில் காதல் நாவலுக்கு எட்டு உறுப்புகளைச் சொல்கிறார்: கதை நடக்கும் சமூகச் சூழல், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலைச் சொல்வது, எல்லாம் முடிந்துபோனது போன்ற கட்டம், தடை நீங்கும் தெளிவு, நிச்சயம். இவை இந்த வரிசையிலேயே வர வேண்டும் என்பதில்லை. எட்டில் முதுகெலும்பு தடைதான். "எல்லாம் ஊகித்தபடியே நடந்தது" என்று ஒருவர் குறைப்பட்டால், பெரும்பாலும் முடிவின் மேல் அவருக்குக் கோபம் இருக்காது; தடை சப்பையாக இருந்திருக்கும்.

தடையைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இருவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் இது தீர்ந்துவிடுமா? தீரும் என்றால் அது தடை இல்லை, வெறும் தாமதம். பாதிக் காதில் விழுந்த தொலைபேசிப் பேச்சு, தூரத்திலிருந்து பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்ட ஓர் அணைப்பு எல்லாம் இந்த ரகம். "நம்பிக் கெட்டவள் நான், இனி யாரையும் பக்கத்தில் விடமாட்டேன்" என்று நாயகி உள்ளுக்குள் பூட்டிக்கொண்டிருப்பது ஐந்து நிமிடத்தில் தீராது. அதைத் திறக்க 300 பக்கம் தேவைப்படும். வெளியே ஒரு சிக்கல், மனதுக்குள் ஒரு சிக்கல், இரண்டும் ஒன்றையொன்று இறுக்க வேண்டும். அப்படி அமைந்த நாவலை முடிவு தெரிந்தும் திரும்பப் படிப்பார்கள்.

கேள்வி: நாயகனும் நாயகியும் எலியும் பூனையுமாகச் சண்டை போடும் நாவல்கள் சிலருக்கு உயிர். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கோளாறு என்னிடமா, நாவலிடமா?

சண்டையின் அளவில். ஊடலைப் பற்றி நம் திருக்குறள் சொல்வதை விடத் துல்லியமாக யாரும் சொல்லிவிடவில்லை. ஊடல் உப்பைப் போல அளவோடு இருக்க வேண்டும், கொஞ்சம் நீள விட்டாலும் உப்பு மிகுந்தது போல ஆகிவிடும் என்கிறது 1302ஆம் குறள். காதல் நாவல் எழுத உட்காருகிறவர்கள் மேசையில் எழுதி ஒட்டிவைக்க வேண்டிய குறள் அது.

அளவு என்றால் எண்ணிக்கை மட்டும் இல்லை. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்க வேண்டும். ஒருவரைப் பற்றி மற்றவருக்குப் புதிதாக ஒன்று தெரிய வேண்டும், அல்லது ஒருவர் வாயில் வந்த சொல்லுக்கு வருந்த வேண்டும், அல்லது இருவரும் சேர்ந்து செய்தாக வேண்டிய வேலை ஒன்று வந்து விழ வேண்டும். மூன்றாவது சண்டை முதல் சண்டையின் மறுபதிப்பாக இருந்தால் புத்தகத்தை மூடத் தோன்றுவது இயல்பு. இன்னொன்றையும் கவனியுங்கள்: சொல்லடி இரண்டு பக்கமும் சமமாக விழுகிறதா? நாயகன் மட்டும் மட்டம் தட்டிக்கொண்டே இருக்க, நாயகி உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் ஊடல் இல்லை, அவமதிப்பு. உங்கள் எரிச்சல் அதனால் வந்ததென்றால் அந்த எரிச்சலை நம்புங்கள்.

கேள்வி: "வயிறு வலிக்கச் சிரித்தேன்" என்று எழுதியிருந்தார்கள் என்று நம்பி வாங்கினேன். எனக்குச் சிரிப்பே வரவில்லை. கல்யாண வீட்டு நகைச்சுவை எங்கே கெட்டுப்போகிறது?

காரணம் இல்லாத விபத்தில். ஓர் உதாரணம் பார்ப்போம். அழைப்பிதழ் 400 பிரதி அச்சாகி வந்துவிட்டது. மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் தம்பியின் பெயர் இருக்கிறது.

மட்டமாக எழுதினால் இப்படிப் போகும்: மணமகளின் அம்மா அலறுவார், யாரோ பெட்டியில் தடுக்கி விழுவார், நாயகி மயங்குவாள், அடுத்த அத்தியாயத்தில் புது அழைப்பிதழ் வந்துவிடும். நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை, யாருக்கும் நஷ்டமும் இல்லை.

அதே விபத்தை இப்படி எழுதிப் பாருங்கள். அச்சடிக்கும் முன் சரிபார்க்க வந்த மாதிரிப் பிரதியில் (மெய்ப்பில்) கையெழுத்துப் போட்டு அனுப்பியது நாயகன். படிக்காமலே போட்டுவிட்டான். அது அவனுக்கும் தெரியும், நாயகிக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. விடிவதற்குள் 400 அழைப்பிதழிலும் சரியான பெயரை ஒட்டியாக வேண்டும். இருவரும் தரையில் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். நூற்றைம்பது தாண்டியதும் தூக்கக் கலக்கத்தில் அவன் ஒரு பெயரைத் தலைகீழாக ஒட்டுகிறான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பசை காய்வதற்குள் நகத்தால் உரித்து, நேராக ஒட்டி, அடுக்கில் வைக்கிறாள். "எத்தனையாவது?" என்று அவன் கேட்கிறான். "ஏழாவது" என்கிறாள்.

இங்கே சிரிப்பு வருகிறது, காதலும் நகர்கிறது. ஒரு விஷயத்தை முழுக்கப் பார்க்காமல் முடிவெடுக்கிற அவன் குணம்தான் பின்னால் காதலுக்குத் தடையாகவும் வரப் போகிறது. விபத்து பாத்திரத்தின் குணத்திலிருந்து பிறக்க வேண்டும், யாரையாவது எதையாவது இழக்க வைக்க வேண்டும், இருவரை ஒரே இடத்தில் பிடித்து வைக்க வேண்டும்.

நகைச்சுவையில் மனிதருக்கு மனிதர் ருசி மாறும் என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு நாவலில் எல்லாச் சிரிப்பும் யாரோ ஒருவருடைய உடல் பருமனையோ வயதையோ வைத்தே வந்தால், அதை ருசி வேறுபாடு என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது எழுத்தாளரின் சோம்பல்.

கேள்வி: கதாபாத்திரங்கள் அதிகம், யார் யாரென்றே பிடிபடவில்லை.

கல்யாணக் கதைக்கே உரிய நோய் இது. முதல் விசேஷக் காட்சியில் நான்கைந்து பெயருக்கு மேல் அறிமுகப்படுத்தினால் மனதில் நிற்காது. அதிலும் சுதா, சுமதி, சுகன்யா என்று ஒரே எழுத்தில் தொடங்கினால் கண் வழுக்கும். படிக்கும்போது புத்தகக் குறி அட்டையில் மணமகள் பக்கம், மணமகன் பக்கம் என்று இரண்டு வரிசையாகப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் புத்தகத்துக்கு மேல் அந்த அட்டை தேவைப்படாது. தேவைப்பட்டால் குறை எழுத்தாளர் பக்கம்.

கேள்வி: நாயகி "நான்" என்று கதை சொல்கிறாள். நாயகன் மனதில் என்ன ஓடுகிறது என்று கடைசி வரை தெரியவில்லை. இது குறைதானே?

தன்மையில் சொல்லும் கதைக்கு உள்ள எல்லை அது. தேர்ந்த எழுத்தாளர் அதையே பலமாக்கிக்கொள்வார். நாயகன் செய்யும் சின்னச் செயலை நாயகி தப்பாக அர்த்தம் பண்ணிக்கொள்வாள், வாசகருக்கு மட்டும் சரியாகப் புரியும். அப்படி நான்கைந்து இடமாவது இல்லையென்றால் நாயகன் வெறும் அழகான சட்டையாக நின்றுவிடுவான்.

இருவரும் மாறி மாறிச் சொல்லும் நாவலில் வேறு கோளாறு வரும், ஒரே காட்சியை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். அத்தியாயத் தலைப்பை மூடிக்கொண்டு இரண்டு பத்தி படியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாவிட்டால் இரண்டு குரல் வைத்ததில் பயன் இல்லை.

கேள்வி: நாயகனுக்கு ஏற்கெனவே வேறொரு பெண்ணுடன் நிச்சயமாகிவிட்டது. அந்தக் கல்யாணத்தை நடத்தித்தர வந்த நாயகியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். சிலர் "துரோகம்" என்கிறார்கள், சிலர் "காதல்" என்கிறார்கள்.

வாசகர்கள் மிகக் கடுமையாகப் பிரிவது இந்த அமைப்பில்தான். காரணமும் நியாயமானது, அந்த மூன்றாவது பெண். அவளைப் பணத்தாசை பிடித்தவளாக, வேலைக்காரர்களிடம் எரிந்துவிழுபவளாகக் காட்டிவிட்டால் நாயகன் விலகுவது சுலபமாகிறது. அது குறுக்குவழி என்பதை வாசகர் மோப்பம் பிடித்துவிடுவார். அவளும் நல்லவளாக, தன் பக்க நியாயத்தோடு இருந்து, அவன் உண்மையை அவளிடம் முதலில் சொல்கிறான் என்றால் பலர் மன்னிப்பார்கள். வரிசை முக்கியம்: நிச்சயத்தை முறித்த பிறகு நாயகியிடம் காதலைச் சொல்கிறானா, அதற்கு முன்பேவா? விமர்சனம் எழுதும்போது இந்த வரிசையை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். யாருக்கு ஒத்துவரும், யாருக்கு ஒவ்வாது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: முக்கால்வாசிப் புத்தகம் வரை இனிப்பாகப் போகிறது, பிறகு திடீரென்று பிரிவு. ஏன் எல்லா நாவலிலும் இப்படி?

மேலே சொன்ன எட்டில் "எல்லாம் முடிந்துபோனது போன்ற கட்டம்" அதுதான். 320 பக்க நாவலில் பெரும்பாலும் 240ஆம் பக்கத்தை ஒட்டி வரும். வருவது தவறில்லை. முதல் நூறு பக்கத்திலேயே அதற்கு விதை போட்டிருக்க வேண்டும். திடீரென்று முளைக்கும் பழைய காதலி, வெளிநாட்டு வேலை போன்றவை விதையில்லாத பயிர்.

கேள்வி: எனக்குப் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. கதையைப் போட்டுடைக்காமல் இதை எப்படி எழுதுவது?

முதல் கால் பகுதியில் நடப்பதை மட்டும் கதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், நான்கு வரி போதும். பிடித்த ஒன்றை ஒரு காட்சியின் பெயரோடு சொல்லுங்கள். பிடிக்காததைச் சொல்லும்போது "போர்" என்று நிறுத்தாமல் எது, எவ்வளவு என்று சொல்லுங்கள்: "நடுவில் மூன்று அத்தியாயம் ஏற்பாட்டுப் பட்டியலாகவே போகிறது" என்றால், அந்தப் பட்டியலை ரசிக்கும் வாசகர் ஓடிப்போய் வாங்குவார். உங்கள் குறை அவருக்கு வழிகாட்டியாகும். நெருக்கமான காட்சிகள் எந்த அளவுக்கு வெளிப்படையாக இருக்கின்றன என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். பலர் அதைத்தான் தேடிப் படிக்கிறார்கள், ஆனால் யாரும் எழுதுவதில்லை.

கேள்வி: சராசரி மதிப்பெண் 3 நட்சத்திரம் என்றால் வாங்கலாமா?

சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பத்துப் பேரில் ஐவர் 5, ஐவர் 1 கொடுத்தாலும் சராசரி 3. பத்துப் பேரும் 3 கொடுத்தாலும் அதே 3. முதலாவது புத்தகத்துக்குத் துணிச்சலான ஏதோ ஒன்று இருக்கிறது, உங்களுக்கு ஒத்துவந்தால் மிகவும் பிடிக்கும். இரண்டாவது யாரையும் தொந்தரவு செய்யாது, மனதிலும் தங்காது. 1 கொடுத்தவர்கள் சொல்லும் காரணத்தைப் படியுங்கள். அந்தக் காரணம் உங்களை உறுத்தவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

கேள்வி: எத்தனை பக்கம் வரை பொறுத்துப் பார்க்கலாம்?

இருவரும் சந்தித்த பிறகு இரண்டு அத்தியாயம். அதற்குள் அவர்கள் பேசுவதை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று தோன்றாவிட்டால் வைத்துவிடுங்கள். 50 பக்கம் தாண்டியும் சந்திக்கவே இல்லை என்றால் அப்போதே வைத்துவிடலாம்.